வெள்ளைத் தாளில் ஒரு பாதசரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடசேரியில் தோழர் ஒருவரின் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். கைபேசியில் நகையைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் ஒரு நாள் வகுப்பு. வந்தவர்களில் பெரும்பாலோர் நாகர்கோவில் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள். அவர்களில் மூன்று பேர் வடசேரிப் பட்டறைகளில் வெள்ளி நகை வாங்கி இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள். தேர்வுக் கட்டணமும் பஸ் காசும் அதிலிருந்துதான் வருகிறது. படம் சரியில்லை என்றால் நகை விற்காது. அதற்காகத்தான் வகுப்பு.

பழகிப் பார்க்க நகைகள் போதவில்லை. ஒரு மாணவி தன் பாட்டியின் வெள்ளிக் கொலுசைக் கொண்டுவந்திருந்தார். பாட்டி அதைப் பாதசரம் என்பார். வெள்ளை அட்டையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த அந்தப் படம்தான் அன்றைக்கு எல்லாவற்றிலும் நன்றாக வந்தது. நிழல் இல்லை, தூசி இல்லை, சுருக்கம் இல்லை. மாலையில் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் காட்டியிருக்கிறார். பாட்டி கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "நல்லாத்தான் இருக்கு. எனக்க காலு எங்க மக்களே?"

அந்த மாணவி இதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு இரண்டு நாள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இந்தப் பதிவு அந்தப் பேச்சிலிருந்து வந்தது.

வடசேரியில் என்ன செய்கிறார்கள்

வெளியூர்த் தோழர்களுக்காகச் சில செய்திகள். வடசேரி என்றதும் பலருக்குப் பேருந்து நிலையமும் கனகமூலம் சந்தையும்தான் நினைவுக்கு வரும். வீட்டின் முன்னறையையே பட்டறையாக்கிக் குனிந்து உட்கார்ந்திருக்கும் நகைத் தொழிலாளர்களின் ஊரும் அதுதான். பரதநாட்டிய மேடையில் நீங்கள் பார்க்கும் சிவப்புக்கல் நகைகள், அதாவது தலைசாமான், சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜடைநாகம், மாட்டல், மாங்காய் மாலை, ஒட்டியாணம் எல்லாம் இங்கே கையால் செய்யப்படுகின்றன. 'கோவில் நகை' என்று அவற்றுக்குப் பெயர். முதலில் சாமி சிலைகளுக்கும் அரச குடும்பங்களுக்கும், பிறகு கோவிலில் ஆடிய பெண்களுக்கும், இன்று மேடையில் ஆடுபவர்களுக்கும் மணப்பெண்களுக்கும்.

அடித்தளம் வெள்ளி. வெள்ளித் தகட்டை வெட்டி உருவம் கட்டி, கெம்புக் கற்களைப் பதித்து, கற்களைச் சுற்றித் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். பார்க்கிறவர் கண்ணுக்குச் சிவப்பும் பொன்னிறமும் மட்டுமே தெரியும். எடையைச் சுமக்கிற வெள்ளி உள்ளே இருக்கிறது. பல உருப்படிகளில் நகையைத் திருப்பிப் பார்த்தால்தான் அது வெள்ளி என்றே தெரியும்.

1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் இந்த நகைகளுக்கு 2007-08இல் 'நாகர்கோவில் கோவில் நகைகள்' என்ற பெயரில் குறியீடு கிடைத்தது. நல்லது. அந்தக் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது. வேறு ஊரில் வார்ப்பு அச்சில் ஊற்றிய பித்தளையை இந்தப் பெயரில் விற்றால் கேள்வி கேட்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் ஒரு ஜடைநாகத்துக்கு எத்தனை நாள் கூலி, அதைச் செய்தவர் யார் என்பதை வாங்குபவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாடு அதில் இல்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் கம்மாளர், விஸ்வகர்மா சமூகத்தவர். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள். தலித்துகள் அல்ல. "அப்படியானால் இதில் நமக்கு என்ன வேலை?" என்று ஒரு தோழர் கேட்டார். நமக்கு வேலை இருக்கிறது என்பதுதான் எங்கள் வாதம்.

வெள்ளை தானாக வருவதில்லை

இணையச் சந்தைகளில் பொருளின் முதல் படம் வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும் என்பது கிட்டத்தட்டச் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. அமேசானின் விதி இன்னும் துல்லியமானது. முழுத் தூய வெள்ளை, கணினிக் கணக்கில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. படச் சட்டத்தில் 85 சதவீதம் பொருளே நிரம்பியிருக்க வேண்டும். 'எதுவும் இல்லாத இடம்' என்று நாம் நினைக்கிற வெள்ளைக்கு இவ்வளவு கறாரான இலக்கணம் இருக்கிறது.

அந்த வெள்ளையை உண்டாக்குவது எவ்வளவு வேலை என்று படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளை அட்டையைக் கைபேசி முன்னால் வைத்தால் படத்தில் அது சாம்பல் நிறமாகத்தான் வரும். எதிரில் இருப்பதெல்லாம் நடுத்தர வெளிச்சத்தில்தான் இருக்கும் என்று கேமரா எண்ணிக்கொள்கிறது. வெள்ளையைப் பார்த்ததும், வெளிச்சம் அதிகம் என்று முடிவுசெய்து தானே குறைத்துவிடுகிறது. நாம் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டவேண்டும். கொஞ்சம் அதிகமாகக் கூட்டினால் வெள்ளியின் மினுக்கமான இடங்கள் வெளுத்துப்போய் வேலைப்பாடு காணாமல் போகும்.

வெள்ளிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது கண்ணாடி. எதிரில் இருப்பதையெல்லாம் காட்டும். மெருகு போட்ட ஒரு காப்பைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜன்னல் தெரியும், மின்விசிறி தெரியும், கைபேசியைப் பிடித்திருக்கும் உங்கள் விரல் தெரியும், உங்கள் முகமும் தெரியும். அதை மறைக்கத்தான் சுற்றிலும் தெர்மாகோல் நிறுத்தி, ஜன்னலில் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி, லென்ஸ் அளவுக்கு ஒரு துளை போட்ட அட்டைக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்கிறோம். எடுத்தவரின் சுவடே இல்லாத படம், எடுத்தவர் தன்னைத் தானே மறைத்துக்கொண்டதால் வருகிறது.

இவ்வளவு செய்தும் படம் தட்டையாக வரும். நாலா பக்கமும் வெள்ளை சூழ்ந்தால் வெள்ளி நகையின் விளிம்பு தாளோடு கரைந்துபோகும். அதற்குப் படக்கலைஞர்கள் செய்கிற வேலை, நகையின் இரண்டு பக்கமும் சட்டத்துக்கு வெளியே கறுப்பு அட்டைத் துண்டுகளை நிறுத்துவது. அந்தக் கறுப்பு வெள்ளியில் மெல்லிய கோடாகப் பிரதிபலித்த பிறகுதான் நகைக்கு உருவம் கிடைக்கிறது. வகுப்பில் இதைச் செய்து காட்டியதும் ஒரு தம்பி சொன்னான்: "அண்ணே, கறுப்பு இல்லாம வெள்ளிக்கு வடிவமே இல்ல. ஆனா படத்துல கறுப்பு தெரியக்கூடாது." அவனுக்கு நாங்கள் எதுவும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

நம் எல்லோருக்கும் வெள்ளைப் பின்னணியோடு ஒரு பழைய பகையும் இருக்கிறது. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு, தேர்வு நுழைவுச் சீட்டுக்கு, பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கப் போன நாளை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் கேமரா வெள்ளைக்குத் தகுந்தபடி வெளிச்சத்தைக் குறைக்கும். நம் முகம் இன்னும் கறுத்து வரும். ஸ்டூடியோக்காரர் கேட்காமலே கணினியில் முகத்தை வெளுத்துக் கொடுப்பார். கையில் வாங்கினால் அது நாமாக இருக்காது. இது அந்த ஸ்டூடியோக்காரரின் குற்றம் மட்டும் இல்லை. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் புகைப்பட லேப்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுப்பு மக்களின் முகம் சரியாக வரவில்லை என்பதற்காக அந்தக் கணக்கு மாறவில்லை. மரச்சாமான்களும் சாக்லேட்டும் விளம்பரத்தில் சரியான நிறத்தில் வரவில்லை என்று வியாபாரிகள் முறையிட்ட பிறகுதான் அடர்ந்த நிறங்களைப் பற்றி நிறுவனம் கவலைப்பட்டது.

ஆகவே வெள்ளைப் பின்னணியை 'நடுநிலை' என்று யாராவது சொன்னால் நாம் உடனே தலையாட்டக் கூடாது. "எங்க வீட்டுல சாதியே பாக்கமாட்டோம்" என்று சொல்கிறவர்களை நமக்குத் தெரியும். எதையெல்லாம் அகற்றிவிட்டு அந்த வீடு அவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது என்று கேட்கப் பழகியவர்கள் நாம். படத்திடமும் அதையே கேட்போம்.

யார் அணியலாம் என்ற கேள்வி

வெள்ளைத் தாளில் தனியாகக் கிடக்கும் நகை 'யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அணியலாம்' என்று சொல்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1956 நவம்பர் 1 வரை வடசேரி திருவிதாங்கூரோடு இருந்தது. அதே திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. கல்லும் பாசியும் கோர்த்த 'கல்லுமாலை'யைத்தான் கழுத்தில் போட வேண்டும். அது அலங்காரம் இல்லை, அடையாளம். தூரத்தில் வரும்போதே என்ன சாதி என்று தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு. 1915இல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில், அய்யன்காளியின் சாதுஜன பரிபாலன சங்கத்தார் இதை எதிர்த்துக் கூட்டம் போட்டபோது ஆதிக்க சாதியினர் தாக்கினார்கள். குடிசைகள் எரிந்தன. பிறகு கொல்லத்தில் நடந்த பெரிய கூட்டத்தில் அய்யன்காளி முன்னிலையில் பெண்கள் தங்கள் கல்லுமாலைகளை அறுத்து எறிந்தார்கள். மாலைகள் குவியலாகக் கிடந்தன என்கிறது வரலாறு. அந்தக் குவியலை யாரும் வெள்ளைத் துணி விரித்துப் படம் எடுத்து வைக்கவில்லை.

திருவிதாங்கூரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள்மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். அதில் முதல் தடையே பொன், வெள்ளி நகை அணியக் கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1936இல் வெளிவந்த 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அண்ணல் அம்பேத்கர், இந்தூர் பகுதியில் பலாய் மக்கள்மீது 1928இல் விதிக்கப்பட்ட கட்டளைகளை எடுத்துக் காட்டுகிறார். அங்கும் பெண்கள் பொன்னோ வெள்ளியோ அணியக் கூடாது என்ற விதி இருக்கிறது. நாட்டின் இரண்டு மூலைகள், இரண்டு மொழிகள், ஒரே விதி. யாரும் யாரிடமும் கேட்டு எழுதியது இல்லை.

அந்தப் பாட்டி எங்களிடம் பிறகு சொன்னது இது. கன்னிப்பூ, கும்பப்பூ அறுப்புகளில் சேர்த்த காசில் வாங்கிய பாதசரம் அது. மேலத்தெரு வழியாக வயலுக்குப் போகும்போது கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார். தெரு தாண்டி வரப்பில் ஏறியதும் மறுபடி மாட்டிக்கொள்வார். யாரும் எழுதி ஒட்டிய தடை இல்லை. "சத்தம் கேட்டா ஒரு மாதிரி பாப்பாவ" என்றார். அவ்வளவுதான். நாங்கள் வெள்ளைத் தாளில் எடுத்த படத்தில் அந்தத் தெருவும் இல்லை, வரப்பும் இல்லை, முந்தானையும் இல்லை.

தூக்கி எறிந்தது திரும்பி வரும்போது

வெள்ளி விஷயத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. மறுக்கப்பட்ட இடத்தில் வெள்ளி உரிமை. திணிக்கப்பட்ட இடத்தில் வெள்ளி இழிவு. 1927 டிசம்பரில், மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட அந்த நாட்களில், அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். கழுத்து நிறைய மாலையும், முழங்கை வரை வெள்ளிக் காப்பும் போட்டுக்கொள்வது தீண்டப்படாதவர் என்று உங்களைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம், அதை விட்டுவிடுங்கள் என்றார். நகை போட்டே ஆக வேண்டுமென்றால் பொன் போடுங்கள் என்றும் சொன்னார். வெள்ளியின் அழகைப் பற்றி அவருக்குச் சண்டை இல்லை. எந்த உலோகம் யாருக்கு என்று இன்னொருவன் முடிவு செய்வதோடுதான் சண்டை.

உலோகங்களுக்கும் வருணம் வகுத்த சமூகம் இது. பொன் லட்சுமி, அது இடுப்புக்குக் கீழே போகக் கூடாது, காலுக்கு வெள்ளிதான் என்பது நம் தெருக்கள் வரைக்கும் வந்துவிட்ட வழக்கம். முகத்தில் பிறந்தவன் உயர்ந்தவன், காலில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்ற அதே உடம்புக் கணக்கு நகைப்பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

இப்போது பெருநகரக் கடைகளின் இணையப் பக்கங்களைப் பாருங்கள். கறுத்த வெள்ளியில் கனமான கழுத்து வளையம், முழங்கை வரை காப்பு, பாசி கோர்த்த மாலை. 'ட்ரைபல்' என்றும் 'ஆன்டிக்' என்றும் பெயர். பின்னணி தூய வெள்ளை. எந்தக் கழுத்துக்கு அது விலங்காகப் போடப்பட்டதோ அந்தக் கழுத்து படத்தில் இல்லை. அதை அறுத்து எறிந்த கையும் இல்லை. அணியக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் விரும்பி அணிகிறார்கள், அணியட்டும். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து அணியட்டும்.

கோவில் நகையின் கதையும் இப்படித்தான். வடசேரியிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது சுசீந்திரம். அந்தக் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. கோவிலுக்குள் போக 1936 நவம்பர் 12இன் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை 'கோவில் நகை' என்ற சொல்லில் இருந்த கோவில் நமக்கு மூடிய கதவு. அந்த நகையை அணிந்து ஆடிய தேவதாசிப் பெண்களின் கதை வேறு. அந்த முறை ஒழிந்தது நியாயம். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே அவர்களுடைய ஆட்டம் 'பரதநாட்டியம்' என்று சபா மேடை ஏறியது. நகையும் கூடவே ஏறியது. அந்தக் குடும்பங்களின் பெண்களில் பெரும்பாலோர் ஏறவில்லை. பின்னணியை நீக்கும் செயலி கைபேசியில் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வேலையைச் சமூகம் செய்துகொண்டுதான் இருந்தது.

யார் பெயர் போடுவது

இனி வடசேரித் தொழிலாளர்கள் பக்கம் வருவோம். வெள்ளைப் பின்னணியில் கையால் செய்த நகையும் அச்சில் ஊற்றிய நகையும் ஒன்றுபோலத் தெரியும். எடை தெரியாது, பின்பக்கம் தெரியாது. சொல்லப்போனால் அச்சு நகை இன்னும் ஒழுங்காகத் தெரியும். நாள்கணக்கில் குனிந்து செய்த உருப்படியும் இயந்திரம் உமிழ்ந்த உருப்படியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது வாங்குபவர் விலையை மட்டும்தான் பார்ப்பார். நட்டம் தொழிலாளிக்கு. அவர் நம் சாதி இல்லை என்பதால் அந்த நட்டம் நமக்கு வலிக்கக் கூடாது என்றால், நாம் படித்த அம்பேத்கர் எதற்கு? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்பவர்களின் பிரிவினை என்று சொன்னவர் அவர்.

அதே நேரம் கைத்தொழிலைக் குலத்தோடு கட்டிப்போடும் பேச்சையும் நாம் ஏற்க முடியாது. 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'பிரதமர் விஸ்வகர்மா' திட்டம் 18 தொழில்களை எடுத்துக்கொண்டது. பொற்கொல்லர் தொழிலும் அதில் உண்டு. குடும்ப வழித் தொழில் என்ற நிபந்தனையால்தான் அது குலக்கல்வியின் மறுபதிப்பு என்ற எதிர்ப்பு இங்கே எழுந்தது. தமிழ்நாடு அரசு அதைச் செயல்படுத்த மறுத்து, சாதி அடிப்படை இல்லாத 'கலைஞர் கைவினைத் திட்ட'த்தைக் கொண்டுவந்தது. வரவேற்கிறோம். ஆனால் விண்ணப்பத்தில் சாதி இல்லாமல் போனால் மட்டும் பட்டறைக் கதவு திறந்துவிடாது. வெள்ளித் தகட்டில் அறை கட்டவும் கெம்பு பதிக்கவும் ஒரு புலையர் வீட்டுப் பிள்ளை யாரிடம் போய் உட்கார்ந்து கற்பது? ஆசாரி வீட்டுப் பிள்ளை வேண்டாம் என்று விட்டுப்போகிற தொழிலில், கற்க விரும்புகிற நம் பிள்ளைக்கு இடம் உண்டா? பயிற்சி மையங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை.

அதுவரை, விற்கிற தோழர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் படம் வெள்ளையில் இருக்கட்டும். சந்தை கேட்கிறது, கொடுங்கள். பசியோடு கொள்கை பேச நாங்கள் சொல்லவில்லை. இரண்டாவது படம் நகையின் பின்பக்கம். வெள்ளியும் பற்றவைத்த தழும்பும் தெரியட்டும். மூன்றாவது படம் செய்த கை. அவர் சம்மதித்தால் முகமும் பெயரும். நான்காவது படம் அணிந்த உடம்பு. நம் நிறத்துக் கழுத்து, நம் நிறத்துக் கால். அதற்கு வெள்ளை அட்டை வேண்டாம், சாம்பல் அல்லது காவி நிற அட்டை போதும், தோலின் நிறம் உள்ளபடி வரும். படத்தின் கீழே எடை எவ்வளவு, கூலி எவ்வளவு, உங்கள் லாபம் எவ்வளவு என்று எழுதுங்கள். அந்த மூன்று மாணவிகளில் ஒருவர் இதைச் செய்யத் தொடங்கியிருக்கிறார். கூலியை எழுதப் பட்டறைக்காரரிடம் கேட்டபோது அவர் முதலில் தயங்கினாராம். பிறகு, எழுதுவதாக இருந்தால் கொஞ்சம் கூட்டியே எழுதலாமா என்று கேட்டாராம். எழுதும் தொகையைக் கொடுத்தாக வேண்டும் என்பது இருவருக்கும் புரிந்தது.

சாட்சியாக ஒரு படம்

கடைசியாக, இந்தப் பதிவை எழுத வைத்த உண்மையான காரணம்.

1995 ஆகஸ்ட் 31 கொடியங்குளம். வெளிநாடு போய் உழைத்துக் கொஞ்சம் நிமிர்ந்திருந்த தலித் கிராமத்துக்குள் காவல்துறை புகுந்து வீடுகளின் உடைமைகளை நொறுக்கியது. நகையும் பணமும் போயின என்று மக்கள் முறையிட்டார்கள். 2012 நவம்பர் 7 தருமபுரி. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. எரிப்பதற்கு முன் பீரோக்களை உடைத்து நகைகளை எடுத்துக்கொண்டார்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். நகை போடக் கூடாது என்ற பழைய தடை எழுத்தில் இல்லாமல் போயிருக்கலாம். நகை வாங்கிவிட்டார்களே என்ற எரிச்சல் இருக்கிறது. சாதி வெறிக் கும்பல் பீரோவைத் தேடிப் போவது திருட்டுக்காக மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு அலுவலகங்களில் கேட்கப்படும் கேள்வி நமக்குத் தெரியும். "இவ்வளவு நகை இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" அறுப்புக் கூலியில் சீட்டுப் பிடித்து வாங்கிய நகைக்கு ரசீது ஏது? இருந்தாலும் அது வீட்டோடு எரிந்திருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 நம் கையில் இருக்கிறது. சட்டத்துக்குச் சாட்சி வேண்டும்.

இங்கேதான் வெள்ளைத் தாள் நம் பக்கம் வருகிறது. காவல்துறையும் அருங்காட்சியகமும் ஒரு பொருளைப் பதிவு செய்யும்போது வெற்றுப் பின்னணியில், பக்கத்தில் அளவுகோல் வைத்துத்தான் படம் எடுக்கிறார்கள். வேறு எதுவும் கண்ணை இழுக்காமல் பொருள் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக. வியாபாரத்தில் எதை மறைக்கிறதோ அதே வெள்ளை, இங்கே பொருளை ஐயமில்லாமல் காட்டுகிறது. வித்தியாசம் தாளில் இல்லை. யாருடைய தேவைக்காகப் படம் எடுக்கப்படுகிறது, பக்கத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு தோழருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் வீட்டு நகைகளைப் படம் எடுங்கள். ஒரு முழு வெள்ளைத் தாள், ஜன்னல் வெளிச்சம், பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது ஒரு ரூபாய் நாணயம். முன்பக்கம், பின்பக்கம், முத்திரை இருந்தால் அது, நசுங்கிய இடம், பற்றவைத்த இடம். கடையில் எடை போட்டு, எடையையும் தேதியையும் துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்து ஒரு படம். ரசீதையும் பணயச் சீட்டையும் தனித்தனியாக ஒரு படம். பணயம் வைத்துத் திருப்பும்போது எடை குறைந்தால் பேசுவதற்கும் இது உதவும். அப்புறம் அதை அணிந்திருப்பவரோடு ஒரு படம். எல்லாவற்றையும் வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். வீடு எரிந்தால் கைபேசியும் எரியும் என்பதை மறக்க வேண்டாம்.

வெள்ளி கறுத்திருந்தால் படத்துக்காகத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. காற்றிலிருக்கும் கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும். திருநீறு போட்டுத் தேய்த்தால் போய்விடும், எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எத்தனை காலம் அது உங்கள் வீட்டில் இருந்தது என்பதற்கு அந்தக் கறுப்பும் ஒரு சாட்சி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவியின் வீட்டுக்குப் போனோம். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டினார். வெடிப்பு விழுந்த குதிகால், சேற்றுப்புண் ஆறிய தழும்பு, அதற்கு மேலே பாதசரம். ஸ்கேல் வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று என்று எடுத்தோம். இரண்டாவது படத்தைப் பாட்டி தன்னுடைய கைபேசிக்கு அனுப்பச் சொன்னார்.

வெள்ளைத் தாளில் எடுத்ததையும் அழிக்க வேண்டாம் என்றார். எடை எழுதியிருக்கிறதே, இருக்கட்டும்.

ஜெய்பீம்.